மகரந்தச்சேர்க்கையும் குறி ஏற்கும் வேளையும்

மல்லாவியில் மேட்டுக்காணிகளிற் பூசணி நடுவோர் அடிக்கடி கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு. கொடி செழித்துப் படர்கின்றது; பூக்களும் நிறையப் பூக்கின்றன; ஆயினும் பிஞ்சுகள் மஞ்சளித்துச் சுருங்கிச் சில நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. பசளை போதாது என்பார் சிலர். புழு என்பார் சிலர். கண்ணூறு என்பாரும் உளர். புழுவே காரணமாதலும் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், உதிரும் பிஞ்சுகளுட் பலவற்றின் விதி, பூ மலர்ந்த அன்றைக் காலையிலேயே முடிவாகிவிடுகின்றது.

கல்லூரியிற் படித்ததைச் சற்றே நினைவுகூர்வோம். பூவின் பெண்ணுறுப்பில் அடியிற் சூலகமும், அதன்மேல் தம்பமும், தம்பத்தின் நுனியிற் குறியும் உள. மகரந்தமணி குறியிற் சென்று படிதலே மகரந்தச்சேர்க்கை. படிந்த மணியெல்லாம் முளைப்பதில்லை. குறி, மணிக்கு நீரூட்டி, அது தன்னினத்ததா என அறிந்து, சூலகத்தை நோக்கிக் குழாய் விடச் செய்யும் பருவத்தில் இருத்தல் வேண்டும். இதனைக் குறியின் ஏற்புநிலை என்பர். இளங்குறியில் மணி முளைப்பது அரிது. முதுகுறியோ கபில நிறமடைந்து வாடிவிடும். ஆய்வுகூடத்திற் குறிமீது ஐதரசன் பரவொட்சைட்டு ஒரு துளி இட்டு வில்லையாற் பார்ப்பார்கள். ஏற்கும் பருவத்துக் குறியிற் குமிழிகள் எழும். காயப்பட்ட குறியிலும் அவை எழுமாதலின், இச்சோதனையைச் செய்பவரின் கை மென்மையாக இருத்தல் வேண்டும்.

தாவரங்களில் ஆண் பெண் உண்டென்பதைச் செருமானியரான கமராரியசு 1694இற் சோதனை வாயிலாக எழுதிக் காட்டினார். நம்மவர்க்கோ பனையே இதனைக் கற்பித்தது. ஏழாம் நூற்றாண்டிற் சம்பந்தர் திருவோத்தூரில் ஆண்பனைகளைப் பெண்பனைகளாக்கினார் என்ற வரலாற்றை அறியாதவர் நம்முள் இலர். அற்புதத்தை ஏற்பவரும் ஏலாதவரும் ஒன்றனை ஒப்புவர்: ஆண்பனை காய்க்காது என்பதை அக்காலத்தார் ஐயமற அறிந்திருந்தனர்.

பனையில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு மரம். பூசணியில் அவை ஒரே கொடியில் வெவ்வேறு பூ. ஆண் பூவே முதலிற் பூக்கும். பெண் பூ சில நாட்கள் பிந்தி, அடியிற் சிறு காய் போன்ற சூலகத்தோடு தோன்றும். நாம் பிஞ்சு என மகிழ்வது இதனையே. உண்மையில் அது இன்னும் கருக்கொள்ளாத சூலகம். இரு பூக்களும் விடியற்பொழுதில் விரிந்து, நண்பகலுக்குமுன் கூம்பிவிடும், மீண்டும் விரிவதில்லை. குறி மிக நன்றாக ஏற்பதும் அக்காலைப் பொழுதிலேயே. வெயில் ஏற ஏற மகரந்தத்தின் உயிர்ப்பும் குன்றும். அதன் மணிகளோ பருத்தவை, ஒட்டுந்தன்மையுடையவை; அவற்றைக் காற்றுக் கொண்டுசெல்லாது. தேனீயே கொண்டுசெல்ல வேண்டும். ஒரு காயில் நூற்றுக்கணக்கான வித்துக்கள் உண்டாகின்றன. ஒவ்வொரு வித்துக்கும் ஒரு மணி வேண்டும். ஆகவே ஒரு தேனீ ஒருமுறை வந்து போதல் போதாது. மணிகள் குறைந்தாற் பிஞ்சு உதிரும். அன்றேல் ஒருபுறம் கோணிய காயாகும்.

தேனீ குறைந்த தோட்டத்திற் கையாலும் இதனைச் செய்யலாம். காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில், அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தக்கூட்டைப் பெண் பூவின் குறியெங்கும் மெல்லத் தடவுக. பத்து மணிக்குமேற் செய்வதிற் பயன் குறைவு. காலையிற் பூச்சிநாசினி தெளிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடல் வேண்டும். தேனீ பூவுக்கு வரும் நேரத்தில் நஞ்சைத் தெளித்துவிட்டு, காய் பிடிக்கவில்லை என வருந்துவதில் நியாயம் என்ன? பூக்கள் கூம்பிய பின் மாலையிற் றெளிக்கலாம். ஆனால் அருகிற் பீர்க்கு இருக்குமாயின் அங்கும் ஒரு சிக்கல் உண்டு. பீர்க்கம்பூ விரிவது மாலையில். அயலயலே நிற்கும் இரு கொடிகளும் ஒரே மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை.

1950களில் மீளக் கட்டப்பட்ட வவுனிக்குளத்தின் நீரில் நெல் விளைவிப்போர், தமக்குத் தேனீ வேண்டியதில்லையே என எண்ணலாம். உண்மையே. நெற்பூ முற்பகலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உமி விரித்து, தன் மகரந்தத்தைத் தன் இறகு போன்ற குறியிலேயே சொரிந்து மூடிக்கொள்ளும். இங்கே பொறுமையுள்ளது குறி. அது சில நாட்கள் காத்திருக்கும். மகரந்தமோ சில நிமிடங்களில் உயிர்ப்பிழக்கும். குறியின் அப்பொறுமையினாலேதான் நெல்லைக் கலப்பினஞ் செய்தல் கைகூடுகின்றது. முதல்நாள் உமியின் நுனியை வெட்டி மகரந்தக்கூடுகளை நீக்கிக் கடதாசி உறையால் மூடி, மறுநாள் வேறினத்தின் மகரந்தத்தைத் தூவுவர். பத்தலகொடையில் முருங்கைக்காயனையும் மஸ் என்னும் இனத்தையும் இணைத்துப் பெற்ற எச்-4 இவ்வாறு கைத்தொழிலாற் பிறந்ததே.

ஆயினும் நெல்லுக்கும் ஓர் ஆபத்து உண்டு. உமி விரியும் அந்த ஒரு மணி நேரத்தில் வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடந்தால் மகரந்தக்கூடுகள் சரியாக வெடியா. காத்திருக்கும் குறிக்கு மணி வந்து சேராது. கடும் வெயிலிற் பூத்த சிறுபோக வயலிற் கதிர்கள் சப்பியாகித் தலை சாயாமல் நிமிர்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.