சொன்னபடி கேட்காத கிளைடர்

இயந்திரமின்றிக் காற்றில் சறுக்கி மிதக்கும் விமானமே கிளைடர். அதன் சிறு மாதிரியைத் தரையில் நின்றவாறே வானொலி அலைகளால் இயக்கலாம். காங்கேயத்தில் காற்றுக்குக் குறைவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று நம் கொரங்காட்டுப் புல்லைச் சாய்த்துக்கொண்டு ஓடும். ஆயினும் காற்று மட்டும் போதாது என்பதை, ஒன்றரை மீட்டர் இறக்கையுள்ள மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டபோது கற்றுக்கொண்டோம்.

கையை விட்டதும் அது மூக்கைத் தூக்கும், வேகம் குறையும், தலைகுப்புற விழும். முதலில் காற்றின் மேல் பழி போட்டோம். பிறகு வாலைப் பெரிதாக்கினோம். நிலைமை இன்னும் மோசமாயிற்று!

எடைச் சமநிலை

இறக்கையின் அடியில் இரு விரல்களை வைத்துத் தூக்கிப் பார்த்தோம். 20 செ.மீ. அகலமுள்ள எங்கள் இறக்கைக்குச் சமநிலைப் புள்ளி முன் விளிம்பிலிருந்து 6 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். எங்களுக்கோ 8 செ.மீ.யில் இருந்தது. பின்பாரமே நோய், பெரிய வால் அதை வளர்த்துவிட்டது.

மருந்தைத் தராசுக் கணக்கே தந்தது. கிளைடரின் எடை 500 கிராம்; பிழை 2 செ.மீ. இரண்டையும் பெருக்க 1000. அறுபது கிராம் பாட்டரியை 5 செ.மீ. முன்னே நகர்த்தியதில் 300 ஈடாயிற்று. மீதி 700-க்கு, சரியான புள்ளியிலிருந்து 28 செ.மீ. முன்னே, மூக்கினுள் 25 கிராம் ஈயம் வைத்தோம். கிளைடர் நேராகச் சென்றது.

அடக்கமும் திருப்பமும்

அடுத்து, விசையைச் சற்றே தொட்டாலும் கிளைடர் துள்ளியது. வாலை அசைக்கும் சிறு மோட்டாரின் கையில் பல துளைகள் உண்டு. கம்பியை உள் துளைக்கு மாற்றினோம். வாலின் அசைவு குறைந்தது, துள்ளலும் அடங்கியது.

கடைசியாக, திரும்பும்போது மூக்கு மட்டுமே திரும்பியது, உடல் சாயவில்லை. இறக்கையின் இரு நுனிகளையும் சிறிது உயர்த்தினோம். இப்போது சுக்கான் மூக்கைத் திருப்பினால், வெளிப்பக்க இறக்கை கூடுதல் காற்றைத் தாங்கி எழும்; கிளைடர் சாய்ந்து அழகாக வட்டமிடும்.

ரைட் சகோதரர் கண்ட வழி

ரைட் சகோதரரும் இவ்வழியே நடந்தனர். 1901-இல் அவர்கள் கிளைடர் எதிர்பார்த்தபடி எழும்பவில்லை. உடனே காற்றுக்குழாய் ஒன்று செய்து, ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். 1902-இல் அசையாத வால் பொருத்திய கிளைடர், திரும்பும்போது தாழ்ந்த பக்கமே சறுக்கிச் சுழன்று விழுந்தது. அவ்வாலை அசையும் சுக்கானாக மாற்றினர், கிளைடர் பணிந்தது. 1903 டிசம்பர் 17-இல் இயந்திர விமானமும் பறந்தது.

நெசவும் தையலும் அறிந்த நம் ஊராருக்கு இன்னொரு செய்தி: அவர்களது 1900-ஆம் ஆண்டுக் கிளைடரின் உறைத் துணியை வில்பர் ரைட் தையல் இயந்திரத்தில் தாமே தைத்துத் திருத்தினார். பயன் முடிந்தபின் அத்துணி, அவர்கள் தங்கிய ஊரின் இரு சிறுமியருக்குச் சட்டையாயிற்று.

மூன்று பிழைகளையும் ஒரே நாளில் திருத்தியிருந்தால், எது எதனால் சரியாயிற்று என்று எங்களுக்குத் தெரிந்திராது. ஒன்றை மாற்று, பறக்கவிடு, கவனி, குறித்துவை. இதுவே நாங்கள் கற்ற பாடம். ஒரு சமயத்தில் ஒரு குறையை மட்டும் எடுத்து ஆன்ம சோதனை செய்யச் சொன்னார் புனித இஞ்ஞாசியார். கிளைடருக்கும் அது பொருந்தும், நமக்கும் பொருந்தும்.