வீடு நம்முடையது, சாவி யாரிடம்?



போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு தம்பி என்னிடம் வந்தான். "அண்ணே, காசு கொடுத்து வாங்கின மின்னூல் இது. பழைய டேப்லெட்ல திறக்குது, புது லெப்டாப்ல திறக்க மாட்டேங்குது. நான் என்ன திருடனா?" நல்ல கேள்வி. அதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அந்த நூலுக்கு ஒரு பூட்டு உண்டு. மின்னியல் உரிமை மேலாண்மை, சுருக்கமாக டிஆர்எம் என்பார்கள். நூலோ பாட்டோ படமோ, குறியாக்கம் செய்யப்பட்டு நம்மிடம் வரும். திறக்கும் சாவி விற்பவர் அனுமதித்த செயலியிடம்தான் இருக்கும். எத்தனை கருவிகளில் திறக்கலாம், நகல் எடுக்கலாமா என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்யும்.

படைத்தவருக்கு வருமானம் வேண்டும். திருட்டு நகலை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பூட்டு போடுகிறவர் நம் கணினிக்குள்ளேயே நுழைந்துவிட்டால்?

2005-இல் அப்படித்தான் நடந்தது. சோனி பிஎம்ஜி நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சில இசைவட்டுகளில் எக்ஸ்சிபி என்ற மென்பொருள் இருந்தது. வட்டை விண்டோஸ் கணினியில் போட்டு நிபந்தனையை ஏற்றுக்கொண்டால் போதும், அது உள்ளே பதிந்து, தன்னை மறைத்துக்கொள்ளும். அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் இதை அம்பலப்படுத்தினார். சில நாள்களிலேயே தீய நிரல்களும் அந்த மறைவிடத்தில் ஒளிய ஆரம்பித்தன. அதை நீக்க நிறுவனம் கொடுத்த நிரலோ இன்னொரு பாதுகாப்பு ஓட்டையைத் திறந்துவிட்டது! நவம்பரில் வட்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

இதில் யாருக்குப் பாதிப்பு? திருட்டு நகல் எடுத்தவனுக்கு அந்த மென்பொருள் போகவே இல்லை. கடையில் நேர்மையாகக் காசு கொடுத்தவருடைய கணினிதான் மாட்டிக்கொண்டது. நம் தம்பியின் நிலையும் அதேதான்.

அப்படியென்றால் பூட்டை உடைத்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டபோது, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பதற்கும் தடை வந்தது. ஆகவே வாங்கும் முன்பே விழித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பூட்டில்லாத கோப்பாக விற்கும் கடைகளும் உண்டு. முதலில் அங்கே தேடுங்கள்.

சிந்திப்போம்:

1. நான் வாங்கியது பொருளா, அனுமதி மட்டுமா?
2. கடை மூடிவிட்டால் என் நூல் திறக்குமா?
3. 'ஏற்கிறேன்' என்று கடைசியாகத் தட்டியபோது எதை ஏற்றேன்?

அடுத்த வகுப்புக்குப் பதிலோடு வாங்க.