பிடில் பயிலத் தொடங்குவார்க்கு

ஐரோப்பாவினின்று போந்த பிடிலைக் கருநாடக இசைக்கு உரியதாக்கிய முன்னோருள் ஒருவர், 1786-இல் பிறந்த பாலுசுவாமி தீட்சிதர். மேனாட்டார் அதனைத் தோளிற் சாத்தி, இடக்கையாலும் தாங்கி வாசிப்பர். நாமோ சம்மணமிட்டு அமர்ந்து, அதன் சுருண்ட தலையை வலக் கணுக்காலில் ஊன்றுகின்றோம். ஆதலின் இடக்கை பாரஞ் சுமவாது, கமகத்திற்கு வேண்டியவாறு தந்திமேல் வழுக்கிச் செல்லும்.

தந்திகள் நான்கும் ச, ப, ச, ப எனச் சுருதி சேர்க்கப்படும். வீணைக்கு மெட்டுகள் உள, பிடிலுக்கு இல்லை. விரல் ஒரு நெல்லளவு பிறழினும் சுரம் கெடும். இதற்கஞ்சிச் சிலர் விரற்பலகையிற் காகிதத் துண்டுகளை ஒட்டி அடையாளமிடுவர். அஃது எனக்கு உடன்பாடன்று. கண் கற்குமேயன்றிச் செவி கல்லாது. மாயாமாளவகௌளைச் சரளி வரிசையை முதற்கண் வாயாற் பாடுக; பின்னர் விரலிடுக. அவ்விராகத்தில் ரிஷபம் சட்ஜத்தை நெருங்கியும், காந்தாரம் ரிஷபத்தினின்று மிக விலகியும் நிற்றலால், இடைவெளிகளின் வேறுபாடு புதியோர் செவிக்கும் எளிதிற் புலனாம். ஆலயத்திற் கீர்த்தனை பாடிப் பழகினார்க்கு இதில் வருத்தமில்லை.

வில்லே கடியது. முதற் சில வாரங்கள் விரலிடாத தந்திகளில், அடிமுதல் நுனிவரை, குதிரைக்கு இணையாக, அழுத்தம் மாறாது இழுத்துப் பழகுதல் வேண்டும். கீச்சொலி பெரும்பாலும் வில் கோணிச் செல்வதாலேயே எழும். விடுதித் தோழர் முகஞ்சுளிப்பர். கதவைச் சாத்திக்கொண்டு இழுக்க.