சார்பு மொழிகளில் மாறும் நிலையின் காவல்

ஏலத்தை ஏலமிடும் ஊர் என்று போடிநாயக்கனூரைச் சொல்லுதல் மிகையன்று. மலையடிவாரத்து இவ்வூரிலும், மலைமேல் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும், நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலமிடப்படுகின்றது. 2021-ஆம் ஆண்டில் இவ்விரு நிலையங்களும் கணிப்பொறி வாயிலாக இணைக்கப்பட்டன. ஓரிடத்துச் சரக்கை மற்றோரிடத்து வணிகரும் அதே வேளையில் கேட்கலாயினர். இதனைக் கருதுவார்க்கு நிரற்கலையின் வினா ஒன்று எழுகின்றது. ஒரே விலையை இரு கைகள் ஒரே கணத்தில் மாற்ற முயன்றால் நிகழ்வது யாது?

எடுத்துக்காட்டொன்றைக் கற்பித்துக் கொள்வோம். 100 கிலோ கொண்ட ஒரு லாட்டின் நடப்பு விலை கிலோவுக்கு 1,200 ரூபாய். போடி வணிகர் 1,250 என்கிறார்; புற்றடி வணிகர் 1,230 என்கிறார். நிரலினுள் இவ்விரு கேள்விகளையும் இரண்டு இழைகள் ஏற்கின்றன. இழையாவது, ஒரே நிரலில் பிறவற்றோடு உடனிகழும் செயலோட்டம். இரண்டும் 1,200 என்பதையே படித்து, தத்தம் கேள்வியே உயர்ந்ததென முடிவு செய்கின்றன. முதல் இழை 1,250 என எழுதுகின்றது. அடுத்த இழை அதன்மேல் 1,230 என எழுதிவிடுகின்றது. உயர்ந்த கேள்வி சுவடின்றி மறைந்தது. மலைச்சரிவில் பாடுபட்ட விவசாயிக்கு 2,000 ரூபாய் நட்டம். பிழை நேர்ந்ததென்று அறிவிப்பாரும் இல்லை.

சார்பு மொழிகளில் ஒரு பெயருக்கு அளித்த மதிப்பு பின்னர் மாறாதிருத்தலே பொதுவிதி. மாறாத ஒன்றை ஆயிரம் இழைகள் படிப்பினும் தீங்கில்லை. எனினும் ஏலவிலை மாறியே தீரவேண்டும். ஆதலின் இம்மொழிகள் மாற்றத்தை அறவே விலக்காமல், குறித்த சில கலங்களுக்குள் அடக்கி வைக்கின்றன. ஆனால் கலம் இருந்தால் மட்டும் போதாது. படித்தலையும் எழுதுதலையும் வெவ்வேறு செயல்களாக வைத்தால், சார்பு மொழியிலும் முற்கூறிய நட்டமே விளையும்.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலாவது, 2007-இல் வெளிவந்த குளோஜர் மொழி கையாளும் ஒப்பிட்டு மாற்றுதல். பழைய மதிப்பிலிருந்து புதியதைக் கணித்தபின், கலத்தில் அப்பழைய மதிப்பே உள்ளதா என ஒப்பிட்டு எழுதுதல் பிளவுபடாத ஒரே செயலாகும். இடையில் மாறியிருப்பின் கணிப்பு மீண்டும் தொடங்கும். புற்றடியின் இழை இப்பொழுது 1,250-ஐக் கண்டு, தன் கேள்வி தாழ்ந்ததென ஒதுங்கும். கணிப்பு பலமுறை நிகழக்கூடுமாதலின், அது மதிப்பைக் கணித்தலன்றி வேறெதுவும் செய்தலாகாது. அதனுள் வணிகருக்குச் செய்தி அனுப்பினால், ஒரே செய்தி இருமுறை செல்லவும் கூடும்.

இரண்டாவது, விலை ஒரு கலத்திலும் கேட்டவர் பெயர் வேறொரு கலத்திலும் இருக்கும்பொழுது வேண்டப்படுவது. ஒருவர் விலையோடு மற்றொருவர் பெயர் சேர்தல் பெரும் வழக்குக்கு வித்தாகும். ஹாஸ்கெல் மொழிக்கென ஹாரிஸ், மார்லோ, பெய்ட்டன் ஜோன்ஸ், ஹெர்லிஹி ஆகியோர் 2005-இல் விளக்கிய நினைவகப் பரிவர்த்தனை முறையில், இரு மாற்றங்களும் ஒருங்கே நிறைவேறும். இன்றேல் இரண்டும் நிகழா.

மூன்றாவது, சுவீடனில் பிறந்த எர்லாங் மொழியின் வழி. நிலையை ஒரே செயலோட்டம் தன்னிடத்தே வைத்துக்கொள்ளும். ஏனையவை அதற்குச் செய்தி விடுக்கும். அது ஒவ்வொன்றாக எடுத்து நோக்கும். ஏலம் கூறுவார் ஒருவரே நின்று அனைவர் குரலையும் கேட்கும் பழைய முறையும் இதுவே.

மாறும் நிலையைச் சுருக்குக. மாற்றும் செயலைப் பிளவுபடாததாக்குக. இவ்விரண்டையும் மாணவர் மனத்திற்கொள்வாராயின், மொழி எதுவாயினும் கணக்குத் தவறாது.