பேரப்பிள்ளையின் கையில் விரல் குறையா?

பிறந்த குழந்தையின் விரல்களை முதலில் எண்ணிப் பார்ப்பவர் பெரும்பாலும் பாட்டிதான். சுண்டுவிரல் ஓரத்தில் ஆறாவது விரல் இருக்கலாம். நடுவிரலும் மோதிரவிரலும் தோலால் ஒட்டியிருக்கலாம். பிறவி விரல் குறைகளில் அதிகம் காணப்படுபவை இவை.

மருமகளைக் குறை சொல்லாதீர்கள். கிரகணத்தன்று காய் நறுக்கியதால் வந்தது என்பார்கள். குழந்தையின் விரல்கள் கர்ப்பத்தின் முதல் 10 வாரங்களுக்குள் பிரிந்து உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதம் வந்த கிரகணம் அதை எப்படி மாற்றும்? சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருவதுண்டு. உங்கள் பக்கத்தில் யாருக்காவது இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அது உங்களுக்குத்தான் தெரியும்.

ஆறாவது விரலில் நூலோ தலைமுடியோ கட்டி விழவைக்க வேண்டாம். கட்டிய இடத்தில் சீழ் பிடிக்கலாம், இரத்தம் கசியலாம். விழுந்த பிறகும் தொட்டால் வலிக்கும் சிறு முண்டு தங்கிவிடலாம்.

ஒட்டு விரலை ஒரே வெட்டில் பிரித்துவிடலாமே என்று தோன்றும். பிரித்தபின் இரண்டு விரல்களையும் மூட அங்கே தோல் போதாது. நேராக வெட்டினால் தழும்பு சுருங்கி விரலை வளைத்துவிடும். அதனால் கோணல்மாணலாக வெட்டி மடித்துத் தைக்கிறார்கள்; குறையும் இடத்தில் தொடையிடுக்கிலிருந்து சிறிது தோல் எடுத்து ஒட்டுவதுமுண்டு. மூன்று விரல்கள் ஒட்டியிருந்தால், நடுவில் உள்ளதன் இரு பக்கங்களையும் ஒரே நாளில் பிரிப்பதில்லை. அந்த விரலுக்கு இரத்த ஓட்டம் தடைபடக்கூடும். இரண்டாவது ஆப்பரேஷன் எதற்கென்று கோபப்பட வேண்டாம்.

‘வளர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுதான் அதிகம் கெடுக்கிறது. நடு, மோதிர விரல்களைப் பொதுவாக ஒன்றரை வயதையொட்டிப் பிரிப்பார்கள். கட்டைவிரலோ சுண்டுவிரலோ பக்கத்து விரலோடு ஒட்டியிருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. நீளமான விரல் வளர வளரக் கோணிப்போகும். கட்டைவிரல் மிகச் சிறியதாகவோ இல்லாமலோ இருந்தால் இதயம், சிறுநீரகம், இரத்தம் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும்.

ஜாசினில் இருந்தாலும் அலோர்காஜாவில் இருந்தாலும் முதலில் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மலாக்கா மருத்துவமனை நிபுணரைப் பார்க்க அங்கே கடிதம் தருவார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் நீங்களே பேரனை அழைத்துப் போகலாம். ஆப்பரேஷன் சம்மதக் கையெழுத்துக்கு மட்டும் பெற்றோர் வர வேண்டும்.

ஆப்பரேஷன் நாளில் பசியால் அழுகிறதே என்று பால் கொடுத்துவிடாதீர்கள். மயக்க மருந்தின்போது வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. மனம் கேளாமல் ஒரு வாய் கொடுத்துவிட்டீர்களா? ஒளிக்காமல் தாதியிடம் சொல்லுங்கள். வேறு நாள் வைத்துக்கொள்ளலாம்.