கல்வியின் பயனும் ஆசிரியர் கடனும்

கல்வியின் பயன் இருவகைத்து. கற்றவனுக்கு ஆவது ஒன்று. அவனைச் சூழ்ந்த சமுதாயத்துக்கு ஆவது மற்றொன்று. முன்னையதை யாவரும் எளிதில் அறிவர். எழுத்தறிந்தவன் தன் காணி உறுதியைத் தானே வாசித்தறிவான். கடன் சீட்டிற் கையொப்பமிடுமுன் வட்டியைக் கணித்துப் பார்ப்பான். பிறர் சொல்லையே நம்பி வாழும் நிலை நீங்கித் தன் அறிவாலே துணியும் நிலை அவனுக்கு வாய்க்கின்றது. இஃது உத்தியோகத்தினும் பெரிய பேறாம். என்னை? உத்தியோகம் சிலர்க்கே கிடைப்பது. இப்பேறோ கற்றார் எல்லார்க்கும் உரியது.

இனி, சமுதாயத்துக்கு ஆவது யாதென ஆராய்வாம். கற்ற தாய் நீரைக் காய்ச்சிப் பருகக் கொடுப்பாள். அம்மைத் தடுப்பு முதலியவற்றை உரிய காலத்திற் செய்விப்பாள். தாயர் கல்வி பெருகப் பெருகக் குழந்தை மரணம் குறைதல் பல தேசங்களினும் கண்ட உண்மையாம். ஆயினும், கற்றார் சிலரும் கல்லாதார் பலருமாயுள்ள ஊரில் அக்கல்வி நன்மைக்கே பயன்படும் என்பதற்கு உறுதி யாது? உறுதி எழுதத் தெரிந்தவன் எழுதத் தெரியாதவனுடைய காணியைக் கவர்தலும் கூடுமன்றோ? ஆதலின், கல்வியாற் சமுதாயம் அடையும் பயன், அக்கல்வி எத்துணை உயர்ந்தது என்பதனால் மாத்திரமன்று, எத்துணைப் பேரைச் சென்றடைந்தது என்பதனாலும் அளக்கப்படும்.

இதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. 1848 ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். சிறுவர் படிமுறையாகக் கற்றற்குரிய பாலபாடங்களையும் இயற்றி அச்சிட்டார். ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதி வைத்திருந்தாரிடமே தங்கிய கல்வி, அச்சுப் புத்தகத்தாற் பல வீடுகளிற் புகுந்தது.

எனினும், யாழ்ப்பாணத்தில் எல்லாப் பிள்ளைகளும் பாடசாலையில் ஒத்த ஆசனம் பெற்றாரல்லர். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் பல இடங்களில் நிலத்தில் இருத்தப்பட்டனர். 1929 ஆம் ஆண்டையொட்டி, நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமாசனம் வழங்கவேண்டுமென்று வித்தியாபகுதியார் பணித்தபோது, எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. இதனை நாம் மறைத்தலாகாது. நிலத்திலிருந்த பிள்ளை, அன்றைய பாடத்தோடு தன் தாழ்வென்று பிறர் வகுத்ததையும் உடன் கற்றது.

1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களது முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் என்னும் தடை அதனால் நீங்கிற்று. 1998 ஆம் ஆண்டு முதல் ஐந்து வயது தொடங்கிப் பதினான்கு வயது வரையும் பாடசாலை செல்லுதல் கட்டாயமாயிற்று. 2016 ஆம் ஆண்டில் அவ்வயதெல்லை பதினாறாக உயர்ந்தது. சட்டம் பிள்ளையை வாயில் வரையும் கொணரும். அதற்கு மேற் கொண்டுசெல்ல வல்லவர் ஆசிரியரே.

அவர் கடன் எங்கே தவறக்கூடும் என்பதை ஓர் உதாரணத்தாற் காண்போம். வறிய பிள்ளைகளுள் வல்லாரைக் கண்டு உயர்த்துதற்கென்று எழுந்தது ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. இன்றோ சித்தியெய்தினோர் பெயரைப் பதாகையிற் பொறித்து வாயிலிற் கட்டி மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சி தகும். ஆனால், அதே வகுப்பில் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கமாட்டாத பிள்ளையும் அவ்வாயிலாலேயே நுழைகின்றது. அப்பிள்ளை அப்பதாகையை வாசிக்குமா என்று நாம் கேட்பதில்லை.

"பின்தங்கினாரைக் கவனித்தால் வல்லார் கெடுவரே" எனின், கெடார். தான் கற்றதைப் பிறர்க்கு உரைக்கும் மாணாக்கன் அதனை இரண்டாமுறை கற்கின்றான். திண்ணைப் பள்ளியிற் சட்டாம்பிள்ளை இளையோர்க்கு எழுத்துக் காட்டியது இவ்வுண்மை பற்றியேயாம். அன்றியும், தன் அறிவைப் பகிர்ந்து பழகியவனே நாளை வைத்தியனாயும் நியாயவாதியாயும் அமருங்கால், தன்னை நாடி வரும் எளியாரை இகழாதிருப்பான்.

ஆதலின், ஆசிரியர்களே, மூன்று செயல்களை வேண்டுகின்றோம். வாரத்தில் ஒருமுறையேனும் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனி வாசிக்கக் கேண்மின். மூன்று நாள் வாராத பிள்ளையை இடாப்பில் வாராதோனென்று குறித்தமட்டில் அமையாது, அதன் வீட்டுக்குச் சென்று காரணம் அறிமின். வெங்காய அறுவடையோ, தந்தையின் நோயோ, அணிதற்கு ஆடையின்மையோ என்பது அங்கேதான் விளங்கும். ஆண்டிறுதியில், முதலாவதாக வந்தவன் யார் என்று கேட்குமுன், கடைசியாக நின்றவன் எவ்வளவு முன்னேறினான் என்று உம்மையே வினவிக்கொண்மின். அவ்வினாவுக்கு நீர் கூறும் விடையே உமது பாடசாலையால் ஊர் பெற்ற பயனாம்.