நெல்லையிலிருந்து விமானப் பயணம்: தூரமும் நேரமும் கணக்கிடுவது எப்படி?

திருநெல்வேலிக்காரர்களுக்குப் பக்கத்து விமான நிலையம், வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி நிலையம்தான். பாளையங்கோட்டையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் எவ்வளவு? கைப்பேசி கால்குலேட்டரே போதும், நாமே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் வரைபடச் செயலியில் இரு இடங்களையும் அழுத்தி அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வாகைக்குளம் 8.72, 78.03, மீனம்பாக்கம் 12.99, 80.17. அட்ச வித்தியாசம் 4.27. ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்பதால் அது 474 கி.மீ. தீர்க்க வித்தியாசம் 2.14. இதையும் 111ஆல் பெருக்கி, பிறகு 0.98ஆல் பெருக்குங்கள், 233 கி.மீ. வரும். தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்குவதால்தான் இந்தக் கழிவு. தமிழ்நாட்டுக்குள் 0.98 போதும், தூரம் போனால் இரு ஊர்களின் நடு அட்சத்துக்குரிய கொசைன் மதிப்பைப் போடுங்கள். கடைசியில் பள்ளியில் படித்த பிதாகரஸ்: இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 528 கி.மீ.

அடுத்தது நேரம். இந்தத் தடத்தில் பல ஆண்டுகளாகப் பறக்கும் ஏடிஆர் விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. வேகத்தில் போகும். அப்படியானால் ஒரு மணிக்குச் சற்று மேல். ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி சேருங்கள். டிக்கெட்டில் ஒன்றரை மணி என்று இருப்பது இதனால்தான்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் திருவனந்தபுரத்தையே நாடுகிறார்கள். அங்கிருந்து துபாய் சுமார் 2,950 கி.மீ. ஜெட் விமானத்துக்கு மணிக்கு 830 என்று வைத்து அரை மணி கூட்டினால் நான்கு மணிக்குக் கொஞ்சம் கூடுதல். குளிர்காலத்தில் மேல்வானில் மேற்குக் காற்று பலமாக வீசும். போகும்போது நேரம் கூடும், ஊருக்குத் திரும்பும்போது குறையும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். கூப்பிட வருகிறவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பாபநாசத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் நேர்கோட்டில் வெறும் 56 கி.மீ.தான்! ஆனால் நடுவில் பொதிகை மலை நிற்கிறது. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் சுற்றினால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓட வேண்டும். வான்வழிக் கணக்கை வைத்து டாக்சிக்கு நேரம் சொல்லவே கூடாது.

இனி வீட்டிலிருந்து வீடு வரை கூட்டுங்கள். பாளையிலிருந்து வாகைக்குளம் முக்கால் மணி. விமானத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகவே போய்ச் சேருங்கள். செக்-இன் கவுன்டரை ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். பறப்பது ஒன்றரை மணி, பெட்டி எடுக்கக் கால் மணி, மீனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூருக்கு ஒரு மணி. மொத்தம் ஐந்து மணி. 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் நெல்லையிலிருந்து எழும்பூருக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் எடுக்கிறது. இரு முனையிலும் வீட்டுக்கும் ரயிலடிக்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஒன்பதரை.

விமானத்தில் மிச்சமாவது நாலரை மணி. மருத்துவமனை அவசரத்துக்கும் அன்றே திரும்ப வேண்டிய வேலைக்கும் அது பெரிது. பிள்ளைகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் போகிற குடும்பத்துக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன்.